பதினோராம் பாட்டு

பாகம்பிரியாளுக்கு முதன்முதலாகச் சுரம் கண்ட அன்று மாலை, திருப்பனையேந்தல் சிவன்கோவில் திருக்குளத்தில், முப்பத்தோராண்டுகளாக நெருஞ்சியும் ஆட்டுப்புழுக்கையும் அன்றி வேறொன்றும் கண்டறியாத அந்தக் குளத்தில், நான்கு படி அளவுக்குத் தண்ணீர் ஏறி நின்றது. மழை பெய்யவில்லை, கால்வாய் வெட்டப்படவில்லை, எந்த அணையிலும் எவரும் மதகு திறக்கவில்லை. மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தாய் காந்திமதி “கொதிக்குதே” என்று சொன்ன அதே நேரத்தில், குளத்துக்குள் மேயக் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கப் போன பூக்காரி வள்ளிமயில் முழங்கால் நனைந்து நின்றாள். அவள் கூச்சலிடவில்லை. ஆட்டை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அப்போது பாகம்பிரியாளுக்கு வயது பதினேழு. இன்னும் நான்கு நாளில் அவள் கல்லூரியில் சேர வேண்டும். விலங்கியல் பாடத்துக்கு இடம் கிடைத்து, தகரப் பெட்டிக்கு நீல வண்ணம் அடித்து, மூடியில் அவள் பெயரும் எழுதியாகிவிட்டது. அவள் தந்தை மாசிலாமணி தேசிகர் அக்கோவிலின் ஓதுவார். முட்டையைக் கையால் தொட்டறியாத குடும்பத்தில் பிறந்தவர். தவளையை அறுத்துப் பார்க்கிற படிப்பா என்று முதலில் முகம் சுளித்தவர், ஒரு நாள் முழுதும் யோசித்து, “உயிரைப் படைச்சவன் அதுக்குள்ள என்ன வச்சிருக்கான்னு பார்க்கிறதும் ஒரு தரிசனம்தான்” என்று தாமே சமாதானம் கண்டு ஒப்புக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே மகள் அவரைத் தெய்வத்துக்கு அடுத்த படியில் வைத்திருந்தாள்.

நான்கு நாளில் தீரும் என்று எண்ணிய சுரம் நாற்பது நாளிலும் தீரவில்லை. முற்பகலில் உடம்பு குளிர்ந்து கிடக்கும். கிணற்றடிவரை சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வரலாம். பொழுது சாயும்போது அடிவயிற்றிலிருந்து அனல் எழும்பும். விளக்கேற்றும் வேளையில் கண் செருகும். சுகாதார நிலையத்து மருத்துவர் இரத்தம் எடுத்தார், சளி எடுத்தார், படம் எடுத்தார். நகரத்து மருத்துவர்கள் அவற்றையே மறுபடி எடுத்தார்கள். எவராலும் அந்தச் சுரத்துக்கு ஒரு பெயர் சூட்ட முடியவில்லை. பெயரில்லாத ஒன்றுக்கு மருந்தும் இல்லை என்று ஆயிற்று.

குளத்துக்கும் கட்டிலுக்கும் உள்ள உறவை ஊர் மூன்றே நாளில் அறிந்துகொண்டது. சுரம் நூற்றொன்று என்றால் ஏழு படி நனைந்தது. நூற்றிரண்டு என்றால் ஒன்பது. நூற்று மூன்றைத் தொட்ட ஓர் ஆடிமாத மாலையில் பன்னிரண்டாம் படியில் அமர்ந்திருந்த கல் நந்தியின் குளம்பு நனைந்தது. அறிந்தபின் ஊரார் வியந்து நிற்கவில்லை. வியந்து நிற்க அவர்களுக்கு நேரம் இல்லை. நான்கு கல் தொலைவு நடந்து ஊற்றுத் தோண்டி நீர் சுமந்த ஊர் அது. செவிலி வந்து சுரம் பார்த்துப் போனதும் தேநீர்க் கடைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் அன்றைய அளவு எழுதப்பட்டது. அதைப் பார்த்துத்தான் வீடுகளில் துணி ஊறவைத்தார்கள். பொதுப்பணித் துறையிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார். ஊரார் சொன்னதையெல்லாம் தலையசைத்துக் கேட்டார். தம் அறிக்கையில் நீர் வரத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘உள்ளூர்’ என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு செம்பு நீர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. கொக்கு வந்தது, கொக்கு வந்ததால் மீன் இருப்பது தெரிந்தது, யாரும் நடாத தாமரை வடமேற்கு மூலையில் இலை விரித்தது. தண்ணீரில்லா ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்றிருந்த சம்பந்திகள் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். முப்பத்தோராண்டு நின்றுபோயிருந்த தெப்பத் திருவிழா மறுபடி நடந்தது. அம்மையும் அப்பனும் விளக்கொளியில் நீர்மேல் வலம் வந்ததைக் கண்டு ஊர்ப் பெரியவர்கள் குழந்தைகளைப்போல் அழுதார்கள். வெள்ளிதோறும் ஒரு வீட்டுப் பால், ஒரு வீட்டு இளநீர், ஒரு வீட்டுச் சீப்புப் பழம் தேசிகர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. பாகம்பிரியாளை ஊர் “ஊருணி ஆத்தா” என்று அழைத்தது.

அவளும் அதைக் குறையாக எண்ணவில்லை. தன் உடம்பில் எரிவது ஊரார் குடத்தில் குளிர்கிறது என்றால் அது எம்பெருமான் திருவிளையாடல் அன்றி வேறென்ன என்று தேறிக்கொண்டாள். தலையணைக்கடியில் பள்ளி விலங்கியல் புத்தகம் இருந்தது. முற்பகலில் அதைப் படிப்பாள். பிற்பகலில் குளத்திலிருந்து எழும் தவளைக் குரல்களைக் கேட்டு, இது ஆண், இது பெண்ணை அழைப்பது, இது மழைக்கு அல்ல வெறும் சண்டைக்கு என்று பிரித்து வைப்பாள். என்றாவது ஒருநாள் அவன் அருள் கூடும், அன்று எழுந்து போவோம் என்று காத்திருந்தாள். வயது பதினெட்டாயிற்று, இருபதாயிற்று, இருபத்துநான்காயிற்று. உடன் படித்தவர்கள் கைக்குழந்தையோடு வந்து பார்த்துப் போனார்கள். முதல் ஆண்டில் வந்தவர்கள் “சீக்கிரம் எந்திரிச்சு காலேஜுக்குப் போகணும் ஆத்தா” என்று வாழ்த்தினார்கள். மூன்றாம் ஆண்டில் “உடம்பைப் பாத்துக்க ஆத்தா” என்றார்கள். ஏழாம் ஆண்டில் “நல்லா இருப்பே” என்று சொல்லும்போதே அவர்கள் கண் சன்னல் வழியே குளத்துப் படிக்கட்டுக்குப் போய்விடும்.

அவளைத் தாங்கி நின்றது ஒரே ஒரு குரல். அவ்வூர் இறைவன்மேல் சுரம் நீங்கப் பாடிய பழம்பதிகம் ஒன்று உண்டு. அச்சில் ஏறாதது, ஓதுவார் வாய்வழியாகவே வழங்கி வருவது. பதினோரு பாட்டு. முதல் பத்துப் பாட்டும் இறைவனிடம் வேண்டிக் கேட்பவை. பதினோராவது, கடைக்காப்பு, பாடியவர் தம் பெயரைச் சொல்லி, இப்பத்தும் பாடியவர்க்கு இன்ன பலன் என்று முத்திரை வைத்துப் பெற்றுக்கொடுப்பது. பத்தில் கையேந்தி, பதினொன்றில் வாங்கிக்கொள்வது என்று அவள் சிறுமியாய் இருந்தபோது தேசிகர் சொல்லித் தந்திருக்கிறார். சுரம் தொடங்கிய நாள்முதல், மாலைப் பூசை முடிந்ததும் அவர் கோவிலிலிருந்து நேரே வந்து, திருநீறு இட்டு, கட்டிலின் தலைமாட்டில் அமர்ந்து, தாளம் தட்டி அந்தப் பதிகத்தைப் பாடினார். ஏழாண்டில் ஒரு மாலை தவறியதில்லை. வெளியூர் விழாக்களுக்கு அழைத்தார்கள், மறுத்தார். தமக்கே காய்ச்சல் கண்ட நாளில் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து பாடினார். தெருவில் சன்னலுக்கு வெளியே ஊரார் கூடி நின்று கேட்டார்கள். அந்தக் குரல் நெற்றியில் ஈரத்துணிபோல் படியும். ஐந்தாம் பாட்டில் அவளுக்குக் கண் செருகும். ஆறாம் பாட்டைத் தாண்டி அவள் ஒருநாளும் விழித்திருந்ததில்லை.

அந்த ஆண்டு வைகாசி அமாவாசையன்று மாலையில் சூரிய கிரகணம் என்று பஞ்சாங்கம் சொன்னது. கிரகண வேளையில் கோவில் நடை சாத்தப்பட வேண்டும் என்பதால் மாலைப் பூசையை நண்பகலிலேயே முடித்துக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் தேசிகர் வீட்டுக்கு வந்துவிட்டார். கிரகணம் பிடித்தபின் பாடுதல் ஆகாது என்று, அப்போதே தலைமாட்டில் அமர்ந்தார். ஊராரும் சேதி கேட்டு வெயிலில் முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். சுரம் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பாகம்பிரியாள் கண்ணை மூடிக் கிடந்தாளே அன்றி, தெளிந்த அறிவோடு இருந்தாள். ஏழாண்டுக்குப்பின் முதல்முறையாக ஏழாம் பாட்டைக் கேட்டாள். எட்டையும் ஒன்பதையும் கேட்டாள். பத்தாம் பாட்டில் அவர் குரல் உயர்ந்து இறங்கியபோது, மூடிய கண்ணோரம் நீர் வழிய, அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

அடுத்தது வரவில்லை. தெருவில் “அரகர மகாதேவா” என்ற ஓசை எழுந்தது. செருப்புகள் மாட்டும் சத்தமும், “சீக்கிரம் வாடி, கிரகணம் புடிக்கிறதுக்குள்ள ரெண்டு குடம் எடுத்துருவோம்” என்ற வள்ளிமயிலின் குரலும் கேட்டன. எல்லாரும் போய்விட்டார்கள், ஒருவர்கூட எதற்காகவும் காத்து நிற்கவில்லை.

“அப்பா, இன்னும் ஒண்ணு இருக்கே.”

தாளத்தைத் துணிப்பைக்குள் இட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“நீ தூங்கலையா?” என்று கேட்டார் தேசிகர்.

எந்தப் பாட்டு என்று அவர் கேட்டிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மறதி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். தூங்கலையா என்ற கேள்வி ஏழாண்டையும் ஒரே நொடியில் அவள்முன் கவிழ்த்துக் கொட்டியது.

“எத்தனை நாளாப்பா?”

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். சொல்லாமல் இருக்கத்தான் பழகியிருந்தார். “முதல் தெப்பத்திலேருந்தும்மா” என்றார்.

நடந்தது இதுதான். முதல் சில மாதம் அவர் பதினொன்றையும் பாடினார், பதிகம் பலித்தது. தை பிறந்தபோது சுரம் தொண்ணூற்றொன்பதுக்கு வந்தது. குளம் மூன்று படிக்கு இறங்கியது. கட்டி முடித்த தெப்பம் சேற்றில் சாய்ந்து நின்றது. அன்று பஞ்சாயத்துத் தலைவர் முத்திருளப்பன் பத்துப் பேரோடு கோவில் மண்டபத்துக்கு வந்து, தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “சாமி, ஒரே வாரம். அம்மையப்பன் மிதந்து கரையேறட்டும். அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் கொஞ்சம் ஒத்தி வைங்க. பிள்ளைய நாங்க விட்டுருவமா?” என்றார். இறைவனை நீரில் காணும் ஆசை தேசிகருக்கும் இருந்தது. ஒரு வாரம் ஒத்திவைத்தார். தெப்பம் முடிந்ததும் நாற்றங்கால் இருந்தது. நாற்றங்கால் முடிந்ததும் ஊரில் ஒன்பது கல்யாணம் இருந்தது. அதன்பின் எவரும் வந்து கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. பதிகத்துக்குப் பத்துப் பாட்டு என்பதே ஊர் வழக்கமாயிற்று.

“பலன் கொடுக்கிறது அவன் இல்லையாம்மா? பாட்டா கொடுக்குது?” என்றார் தேசிகர். “அவன் நினைச்சிருந்தா நான் பாடாமலே உனக்குக் குணமாயிருக்கும்.”

“அப்படின்னா நீங்க பாடியிருக்கலாமேப்பா.”

சுவரில் இருந்த பல்லி ஒன்று இரண்டுமுறை கத்தி ஓய்ந்தது.

“இப்பப் பாடுங்க.”

அவர் தாளத்தை எடுத்தார். நிமிர்ந்து அமர்ந்தார். வாய் திறந்தது, சுருதி நின்றது, சொல் வரவில்லை. ஏழாண்டு மடித்தே வைத்த பட்டு மடிப்பிலேயே இற்றுப்போவதுபோல, பாடாமல் வைத்த பாட்டு அவர் நாவிலேயே இற்றுப் போயிருந்தது. முதற்சீர் எங்கோ தொண்டைக்குள் அசைந்தது. இரண்டாம் சீர் அதுவும் இல்லை. அறுபது வயது ஓதுவார், ஆயிரக்கணக்கான பாட்டு அறிந்தவர், பிச்சைப் பாத்திரத்தைத் தொலைத்தவரைப்போல் கையை விரித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

பாகம்பிரியாள் எழுந்து உட்கார்ந்தாள். ஆறு வயதில் அவர் மடியில் இருந்தபடி கேட்டது அவளுக்குள் அப்படியே இருந்தது. தாளம் கேட்கவில்லை. தானே பாடினாள், நோயில் நைந்த, ஏற்றம் எட்டாத குரலில், நான்கடியும் பிசகாமல் பாடி, பலன் சொல்லும் ஈற்றடியை இருமுறை பாடி முடித்தாள். அதன்பின் சூரியன் மறைந்து, பறவைகள் குழம்பிக் கூடடைந்து, மறுபடி வெளிச்சம் வந்து, உண்மையான பொழுது சாய்ந்து, காந்திமதி விளக்கேற்றினாள். அனல் எழும்பவில்லை. ஏழாண்டில் முதல்முறையாக அவள் விளக்கொளியைக் கண் கூசாமல் பார்த்தாள். மறுநாள் விடியலில் குளம் ஒரு படி இறங்கியிருந்தது.

தாயிடம் அவள் காலையில் கேட்டாள். காந்திமதி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உனக்கும் தெரியுமா?”

“தெரியும்னா என்ன செய்யப் போறே?”

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ சொல்லியிருக்கலாம்.”

முறம் நின்றது. “உனக்கு முன்னாடி ரெண்டு” என்றாள் காந்திமதி. “ஒண்ணு அஞ்சாம் மாசம், ஒண்ணு ஏழாம் மாசம். குடம் சுமந்தே போச்சு. ஊத்துக்கரை மேட்டுல, நடு வெயில்ல. யார்கிட்ட சொல்லி அழுதேன்? நீ படுத்துதான் கிடந்தே. ஆனா உசுரோட கிடந்தே. வாசல்லயே தண்ணி இருந்துச்சு. எனக்கு அது போதும்னு தோணிருச்சுடி.”

“எனக்குப் போதுமான்னு கேட்கலையே அம்மா.”

தாய் மறுபடி புடைக்கத் தொடங்கினாள். உளுந்துத் தொலி மகளின் பக்கமாகப் பறந்தது.

இறைவன் தந்தது என்று எண்ணியவரை ஏழாண்டு நோயும் அவளுக்கு ஒரு பாரமாக இருந்ததில்லை. மனிதர் கூடி, அன்றாடம் மாலை வந்து நின்று கேட்டு, அளந்து, இதுவரை போதும் என்று கலைந்து போய் வைத்த நோய் அது என்று அறிந்தபின், அந்த ஏழாண்டின் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து அவள்மேல் ஏறி அமர்ந்தது. சன்னலுக்கு வெளியே நின்றவர்களின் முகங்களை எண்ணினாள். பால் கொண்டுவந்தவள், பழம் கொண்டுவந்தவன், தன் குழந்தைக்கு அவள் பெயரையே இட்டவள். அவர்களில் பதிகத்துக்குப் பதினோரு பாட்டு என்று அறியாதவர் ஒருவரும் இல்லை. சிவன்கோவில் ஊரில் அதை அறியாமல் யாரும் வளர்வதில்லை. எல்லாரையும் எண்ணி முடித்தபின், தலைமாட்டில் கேட்ட அந்தக் குரலை எண்ணினாள். கோபம் அங்கே போகவில்லை. கோபம் போகக்கூடிய தூரத்தில் அது இல்லை.

ஊரார் இந்த மாற்றத்தையும் தம் வழக்கப்படியே ஏற்றார்கள். மெல்ல மெல்லப் படிப்படியாகக் குளம் இறங்கியபோது, சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் அதையும் எழுதினார்கள். மீன்களை முறைவைத்துப் பங்கிட்டார்கள். ஊர்க்கூட்டம் கூட்டி, தண்ணீர் இருந்தால் அடுத்த தைக்குத் தெப்பத்தை மிதக்கவிடுவதென்றும் இல்லையேல் அதற்குச் சக்கரம் பொருத்துவதென்றும் தீர்மானம் இயற்றினார்கள். வேறு எவருக்காவது சுரம் வந்தால் ஆகாதா என்று சிலர் ஈரத்துணியோடு படுத்தார்கள். மூவருக்குச் சளி கட்டி இருமல் வந்தது, ஒருவருக்குக் காது அடைத்தது. குளத்தில் ஒரு துளி கூடவில்லை. வெள்ளிக்கிழமைப் பால் நின்றது. பழம் நின்றது. கிணற்றடியில் நடந்து பழகிக்கொண்டிருந்த பாகம்பிரியாளைக் கண்டு எவரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. “ஊருணி ஆத்தா” என்றவர்கள் “தேசிகர் மக” என்றார்கள், அவ்வளவுதான்.

ஐந்து படி நீர் எஞ்சியிருந்தபோது முத்திருளப்பன் வந்தார். கூடவே வள்ளிமயிலும் நாலைந்து பெண்களும் வந்தார்கள். ஆனி மாதம், பாகம்பிரியாள் கல்லூரி விண்ணப்பத்தை எதிரில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“படிக்கப் போறியாமில்ல தாயி. நல்ல காரியம்” என்று தொடங்கினார் முத்திருளப்பன். “நாங்க குறுக்க நிக்க வரல. ஒரு ரெண்டு வருசம் கழிச்சுப் போனா என்னங்கிறேன். காலேஜு எங்க போயிரப் போகுது?”

“நானும் ஏழு வருஷம் அதையேதான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன் மாமா.”

“கோவிச்சுக்காத ஆத்தா” என்றாள் வள்ளிமயில். “நூறு நூத்தொண்ணு வேணாம். தொண்ணூத்தொம்பது இருந்தாக்கூட மூணு படி நிக்கும். லேசான காச்சல்தானே? வேலைவெட்டிக்குப் போறவுக அதோடயே போயிட்டு வாராக.”

“அப்ப நீங்க படுங்க அத்தை.”

“படுத்துப் பாத்தேனே! இருமல்தான் வந்துச்சு” என்றாள் வள்ளிமயில் மனத்தாங்கலோடு. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மற்றவர்களும் சிரித்தார்கள், பாகம்பிரியாளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. இவர்களை அவள் நேசித்திருந்தாள். இப்போதும் வெறுக்கத் தெரியவில்லை. வெறுக்கத் தெரிந்திருந்தால் எளிதாய் இருந்திருக்கும்.

“மாமா, நான் ஒண்ணு கேக்கிறேன்” என்றாள். “ஏழு வருஷத்தில என் முன்னாடி வந்து நின்னு, உன் சுரம் எங்களுக்கு வேணும் தாயின்னு என்கிட்ட நீங்க யாராவது கேட்டிருந்தா, நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேனா?”

முத்திருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

“கேட்டா குடுத்திருப்பே. அது தெரியும்” என்றார் கடைசியில். “குடுத்துட்டு என்னைக்காவது ஒருநாள் போதும்னு சொல்லிட்டா? அதான் கேக்கல.”

அவர்கள் போனபின் அவள் விண்ணப்பத்தில் விட்ட இடத்திலிருந்து எழுதினாள். வயது என்ற கட்டத்தில் இருபத்துநான்கு என்று எழுதினாள்.

கல்லூரியில் வயதுத் தளர்வுக்கு மருத்துவச் சான்று கேட்டார்கள். சுகாதார நிலையத்துப் புதிய மருத்துவர் ஏழாண்டுக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, “நோய்க்கு என்ன பேர் எழுதட்டும்?” என்றார். “எங்க ஊர்ப் பேரை எழுதுங்க டாக்டர்” என்றாள் பாகம்பிரியாள். அவர் வேடிக்கை என்று எண்ணிச் சிரித்துவிட்டு, நெடுநாட் சுரம் என்று எழுதித் தந்தார். இடம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் குளத்தில் கடைசிப் படியும் காய்ந்து, நடுவில் ஒரு தட்டு அளவுக்கு நீர் நின்று, அதையும் ஒரு காகம் குடித்துவிட்டுப் பறந்தது.

மகள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. தேசிகர் தாமே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினார். மூன்று மணி நேரப் பயணத்தில் அவர் இருமுறை பேச வாயெடுத்தார். ஒருமுறை நடத்துநர் வந்தார். மறுமுறை எவரும் வரவில்லை, அவரே நிறுத்திக்கொண்டார். கல்லூரி வாசலில் இறங்கியபோது, பதினேழு வயதுப் பிள்ளைகள் தாய் தந்தையரோடு கூட்டங்கூட்டமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் பாகம்பிரியாளைப் பேராசிரியை என்றெண்ணி “குட்மார்னிங் மேடம்” என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் வணக்கம் சொல்லித் தலை குனிந்து கடந்தாள்.

விடுதி அலுவலகத்தில் வார்டன் அருள்மேரி ஒரு படிவத்தை நீட்டினார். மாணவியை வந்து பார்க்க அனுமதி பெற்றவர்கள் மூவர் பெயர், உறவு, முகவரி. பட்டியலில் இல்லாதவர் எவராயினும் உள்ளே விடுவதில்லை. மாணவியை வீட்டுக்கு அழைத்துப்போக வருபவரும் இந்த மூவருள் ஒருவராகவே இருக்க வேண்டும்.

“யார் வந்து ஊருக்குக் கூப்பிட்டாலும் நான் அனுப்ப மாட்டேன், இதுல பேர் இருந்தாத்தான்” என்றார் அருள்மேரி. “அம்மாவுக்கு முடியல, பாட்டிக்குச் சீரியஸ்னு கதை சொல்லிக்கிட்டு யார் யாரோ வருவாங்க. அதனால யோசிச்சு எழுதும்மா.”

பாகம்பிரியாள் யோசித்தாள். அடுத்த தை மாதம் தெப்பத்துக்கு நாள் குறிப்பார்கள். இந்த அறைக்கு ஒருவர் வருவார்; அவருக்குக் குரல் நன்றாக இருக்கும்; ஒரே வாரம் என்பார். அவர் கண்ணில் நீர் இருக்கும். அந்த நீர் பொய்யாகவும் இராது. அவள் மூன்று வரிகளிலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள், கையொப்பமிட்டாள்.

வார்டன் படிவத்தைப் பார்த்தார். வாசற்படியில் பெட்டியைச் சுமந்தபடி, திருநீறு வியர்வையில் கரைய நின்றுகொண்டிருந்த தேசிகரைப் பார்த்தார். “அப்ப, அவர் யாரும்மா? அப்பா இல்லையா?”

“எங்க ஊர்க்காரர்” என்றாள் பாகம்பிரியாள்.

அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு தாய் தன் மகளிடம் சோப்பு எடுத்து வைத்தாயா என்று கேட்டாள். தேசிகர் பெட்டியை மெல்ல இறக்கி வைத்தார். சத்தம் வராமல், தூங்குபவரின் அறையில் வைப்பதுபோல் வைத்தார். மெதுவாகப் பேசியறியாத அவருடைய தொண்டை அன்று அந்த அறைக்கு மட்டும் போதுமான அளவில் பேசியது.

“ஆமாங்கம்மா” என்றார். “ஊர்க்காரன்தான்.”

“அப்படின்னா நீங்க கேட்டுக்கு அந்தப் பக்கந்தான் நிக்கணும் ஐயா. தப்பா நினைக்காதீங்க.”

“சரிங்கம்மா” என்று சொல்லி அவர் திரும்பினார். போகும்போது மகளின் தலையில் கை வைக்கவில்லை; மடியில் முடிந்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுக்கவும் இல்லை. வெயிலில் இறங்கி, கதவைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றார்.

அறை இரண்டாம் மாடியில் இருந்தது. பெட்டியை யாராவது தூக்கித் தரட்டுமா என்று அருள்மேரி கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, பாகம்பிரியாள் அதன் பிடியை இரு கையாலும் பற்றினாள். ஏழாண்டு கட்டிலில் கிடந்த உடம்பு. நாலு படி ஏறியதும் மூச்சு முட்டியது, உள்ளங்கை சிவந்தது. இறக்கி வைத்தாள், மூச்சு வாங்கினாள், தூக்கினாள். இன்னும் நாலு படி. அடுத்த தளத்தின் திருப்பத்தில் ஒரு சன்னல் இருந்தது. அதன் வழியே வாசலும் சாலையும் முழுதாகத் தெரியும். பெட்டியை அங்கே இறக்கி வைக்கத்தான் கை கெஞ்சியது. அவள் இறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அடுத்த படியில் காலை வைத்தாள்.